யுகுலேலே மிகைப்பி

யுகுலேலே மிகைப்பி என்பது யுகுலேலே என்னும் நான்கு தந்தி இசைக்கருவியின் அதிர்வை மின்குறிகையாகப் பெற்று, அதனைப் பெருக்கி, ஒலிபெருக்கியின் வழியாக மீண்டும் ஒலியாக வெளியிடும் மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆம்ப்ளிஃபையர் என்றும், சுருக்கமாக ஆம்ப் என்றும் அழைக்கப்படுகிறது. யுகுலேலேக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட மிகைப்பிகள் மிகச் சிலவே. பெரும்பாலான கலைஞர்கள் கித்தார், விசைப்பலகை, குரல் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட மிகைப்பிகளையே பயன்படுத்துகின்றனர். இவற்றுள் எது யுகுலேலேக்குப் பொருந்தும் என்பது அதன் விலையையோ வாட் அளவையோ மட்டும் பொறுத்தது அன்று. கருவியில் உள்ள பிக்கப்பும் மிகைப்பியின் உள்ளீட்டு மின்மறுப்பும் ஒன்றுக்கொன்று இசைவதையே பெரிதும் பொறுத்தது. இந்த இசைவைக் கவனியாமல் வாங்கப்படும் விலை உயர்ந்த மிகைப்பி மோசமாக ஒலிப்பதும், கவனித்து வாங்கப்படும் மலிவான மிகைப்பி நன்றாக ஒலிப்பதும் உண்டு.

பின்னணி

யுகுலேலே அவாய்த் தீவுகளில் உருவான கருவி ஆகும். 1879 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் போர்த்துகலின் மடெய்ராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் ஒனலுலு வந்து சேர்ந்த குடியேறிகளுள் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மரவேலைக் கலைஞர்கள் இருந்தனர். மடெய்ராவின் சிறு தந்திக் கருவியைத் தழுவி அவர்கள் செய்த கருவியே யுகுலேலே எனப் பெயர் பெற்றது. அவாய் மொழியில் இச்சொல் உகுலேலே என்று ஒலிக்கப்படுகிறது. மன்னர் கலாகவுவா இதனை அரண்மனை இசையில் சேர்த்துக்கொண்டார். 1915 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பின்னர் அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் இக்கருவி பரவியது.

வீட்டு முற்றத்திலும் கடற்கரையிலும் வாசிக்கப்பட்ட ஒரு சிறு கருவி நாடக அரங்குகளுக்கு வந்தபோது, அதன் ஒலி போதவில்லை என்பது உடனே தெரிந்தது. மின்சாரத்தின் உதவி கிடைப்பதற்கு முன்பு இக்குறையை மரத்தாலும் உலோகத்தாலும் தீர்க்க முயன்றனர். தோல் போர்த்திய பாஞ்சோ உடலைக் கொண்ட பாஞ்சோ-யுகுலேலே இவ்வாறு தோன்றியதே. 1920களின் பிற்பகுதியில் நேஷனல் நிறுவனம் உள்ளே உலோகக் கூம்பு பொருத்திய யுகுலேலேக்களைச் செய்தது. இவை உரக்க ஒலித்தன; எனினும் யுகுலேலேயின் மென்மையான ஒலியை இழந்திருந்தன.

மின்சாரத்தால் ஒலி பெருக்கப்பட்ட முதல் வணிக வெற்றி பெற்ற தந்திக் கருவியும் அவாய் இசையிலிருந்தே வந்தது. 1931 ஆம் ஆண்டு ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கிய, பின்னர் ரிக்கன்பேக்கர் என்ற பெயரில் அறியப்பட்ட, மடியில் கிடத்தி வாசிக்கும் அவாய் எஃகுக் கித்தாரே அது. வாணலி போன்ற வட்ட உடலைக் கொண்டிருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர் வழங்கியது. அதில் பயன்பட்ட காந்தப் பிக்கப் எஃகுத் தந்தியின் அதிர்வை மட்டுமே உணரக்கூடியது. யுகுலேலேயில் அப்போது விலங்கு நரம்பாலான தந்திகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நைலான் தந்திகளும் கட்டப்பட்டன. காந்தத்துக்கு இவை இரண்டும் இல்லாத பொருள்களே. எனவே கித்தார் மின்மயமான பின்பும் யுகுலேலே பல பத்தாண்டுகள் ஒலிவாங்கியின் முன்னால் நின்றே வாசிக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அழுத்தமின் பிக்கப்புகள் பரவியதே இந்நிலையை மாற்றியது. 1985 இல் தொடங்கப்பட்ட பெரிய பிரித்தானிய யுகுலேலே இசைக்குழு, ஒனலுலுவைச் சேர்ந்த ஜேக் ஷிமாபுகுரோ போன்றோர் பேரரங்குகளில் வாசிப்பது மின்பெருக்கத்தால் இயன்றதாகும். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஷிமாபுகுரோ வாசித்த ஒரு பீட்டில்ஸ் பாடலின் நிகழ்படம் 2006 இல் இணையத்தில் பரவிய பின்னர், யுகுலேலே கற்போரின் தொகை உலகெங்கும் கூடியது. அவர்களுள் பலர் மாணவர்கள் என்பதால் மலிவான மிகைப்பிக்கான தேடலும் அதனுடன் வளர்ந்தது.

யுகுலேலே ஒலியின் எல்லைகள்

சோப்ரானோ, கான்சர்ட், டெனர் ஆகிய மூவகை யுகுலேலேக்களிலும் வழக்கமான சுருதியில் திறந்த தந்திகளின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 392, 262, 330, 440 ஹெர்ட்ஸ் ஆகும். நான்காம் தந்தியை ஒரு தாயி கீழே சேர்ப்போருக்கு மிகக் குறைந்த அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ் ஆகிறது. பாரிட்டோன் யுகுலேலேயில் இது 147 ஹெர்ட்ஸ். கித்தாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது.

மலிவான மிகைப்பியை நாடுவோருக்கு இது நல்ல செய்தி. ஒலிபெருக்கிப் பெட்டியில் மிகுதியான செலவு பிடிப்பது தாழ்ந்த ஒலியே. 80 ஹெர்ட்ஸ் ஒலியை உரத்து எழுப்பப் பெரிய கூம்பும், பெரிய பெட்டியும், மிகுந்த மின்திறனும் வேண்டும். 260 ஹெர்ட்ஸுக்கு அவ்வாறு வேண்டியதில்லை. 5 அல்லது 6.5 அங்குல ஒலிபெருக்கி கொண்ட சிறு பெட்டி, கித்தாருக்கு மெலிந்து ஒலித்தாலும், யுகுலேலேயின் அடிப்படைச் சுரங்கள் அனைத்தையும் தடையின்றித் தரக்கூடும். உண்மையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே யுகுலேலேயிலிருந்து வருவது சுரம் அன்று. மேற்பலகையில் கை படும் ஓசையும் மேடையின் அதிர்வுமே ஆகும். அவற்றை வெட்டிவிடுவதே நல்லது.

மேல் எல்லையில் நிலைமை வேறு. நைலான் தந்தியின் மீட்டொலியில் உள்ள தெளிவும் நகம் படும் ஓசையும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் நீள்கின்றன. மின்கித்தாருக்கான ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைவாகத் தளர்ந்துவிடுபவை. மின்கித்தாரின் கரகரப்பை மென்மையாக்குவதற்காக அவ்வாறே விரும்பப்படுபவை. அவற்றின் வழியாக யுகுலேலே மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பது போல் ஒலிக்கும். ட்வீட்டர் எனப்படும் உயர் அதிர்வெண் ஒலிபெருக்கி உள்ள பெட்டியும், முழு வீச்சு ஒலிபெருக்கி உள்ள பெட்டியும் இக்காரணத்தால் பொருத்தமானவை.

பேஸ் யுகுலேலே மேற்சொன்னவற்றுக்கு விதிவிலக்கு ஆகும். ரப்பர் போன்ற தடித்த தந்திகளைக் கொண்ட இக்கருவி பேஸ் கித்தாரின் சுருதியில், அதாவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் அதற்குப் பேஸ் மிகைப்பியே வேண்டும்.

பிக்கப் வகைகள்

சில படிகங்களையும் பீங்கான் பொருள்களையும் அழுத்தும்போது அவற்றில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1880 இல் பியர் கியூரியும் அவருடைய தமையன் ஜாக் கியூரியும் கண்டறிந்த இவ்விளைவே அழுத்தமின் பிக்கப்பின் அடிப்படை. யுகுலேலேயில் இது இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது.

முதலாவது, குதிரையின் மேல் தந்திகள் தங்கும் சேடில் என்னும் துண்டின் அடியில் வைக்கப்படும் மெல்லிய பட்டை. தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தி வரும் யுகுலேலேக்களில் பெரும்பாலும் இதுவே உள்ளது. நான்கு தந்திகளின் அழுத்தத்தையும் நேராக உணர்வதால் வலுவான, துல்லியமான குறிகையைத் தருகிறது. ஓங்கி மீட்டும்போது வாத்தின் குரல் போன்ற ஒரு கறார்த்தன்மை இதில் தோன்றுவதும் உண்டு. இரண்டாவது, மேற்பலகையின் உட்புறத்தில் ஒட்டப்படும் நாணயம் போன்ற வட்டத் தகடு. மின்கடிகார மணியிலும் வாழ்த்தட்டையிலும் உள்ள பீசோ தகடும் இதுவும் ஒரே இனத்தவை. விலை மிகக் குறைவு. மேற்பலகையின் அதிர்வைக் கேட்பதால் இதன் ஒலி இயல்பாக இருக்கும். பலகையில் விரல் படுவதையும் அது கேட்கும் என்பதே குறை.

இவ்விரண்டும் முனைப்பற்ற நிலையிலோ, முனைப்புள்ள நிலையிலோ இருக்கலாம். கருவிக்குள்ளேயே மின்கலத்தில் இயங்கும் முன்மிகைப்பி ஒன்று இருந்தால் அது முனைப்புள்ள பிக்கப் ஆகும். பக்கவாட்டில் ஒலியளவுத் திருகிகளும் சுருதி காட்டும் சிறு திரையும் இருப்பதைக் கொண்டு இதனை எளிதில் அறியலாம். இதில் பொத்தான் மின்கலமோ 9 வோல்ட் மின்கலமோ இருக்கும். செருகுத்துளை மட்டும் இருந்து மின்கலம் எங்கும் இல்லையெனில் அது முனைப்பற்றது. மிகைப்பி வாங்கும் முன் யுகுலேலே உரிமையாளர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே ஆகும். ஏனெனில் அடுத்து விளக்கப்படும் சிக்கல் முழுவதும் முனைப்பற்ற பிக்கப்பைச் சார்ந்தது.

எஃகுத் தந்தி பூட்டிய மின்யுகுலேலேக்களும் சில உள்ளன. அவற்றில் காந்தப் பிக்கப் இருப்பதால், சாதாரண மின்கித்தார் மிகைப்பியே போதும்.

உள்ளீட்டு மின்மறுப்பு

அழுத்தமின் பிக்கப் மின்னியல் நோக்கில் ஒரு சிறிய மின்தேக்கி போன்றது. அதனை மிகைப்பியுடன் இணைத்தவுடன், பிக்கப்பின் மின்தேக்குதிறனும் மிகைப்பியின் உள்ளீட்டு மின்மறுப்பும் சேர்ந்து ஒரு வடிகட்டியாக மாறுகின்றன. இவ்வடிகட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியை விட்டு, கீழுள்ளதைத் தடுக்கிறது. அந்த எல்லை அதிர்வெண்ணைக் கணக்கிட, மின்தடையை ஓமிலும் மின்தேக்குதிறனை ஃபாரடிலும் எடுத்துப் பெருக்கி, அதனை 6.28 ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 1 ஐ வகுத்தால் போதும். எல்லை அதிர்வெண்ணில் குறிகை 3 டெசிபல் குறைந்திருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு தாயிக்கும் 6 டெசிபல் அளவில் மேலும் சரியும்.

எடுத்துக்காட்டாக, சேடிலுக்கு அடியில் உள்ள பட்டையின் மின்தேக்குதிறன் 500 பிக்கோஃபாரட் எனக் கொள்ளலாம். இதனை 10 மெகாஓம் மின்மறுப்புள்ள உள்ளீட்டில் செருகினால் எல்லை ஏறத்தாழ 32 ஹெர்ட்ஸ். யுகுலேலேயின் ஒலி முழுவதும் கடந்து செல்லும். மின்கித்தார் மிகைப்பிகளில் வழக்கமான 1 மெகாஓம் உள்ளீட்டில் எல்லை 318 ஹெர்ட்ஸ் ஆகிறது. மூன்றாம் தந்தியின் 262 ஹெர்ட்ஸ் அடிப்படைச் சுரம் ஏறத்தாழ 4 டெசிபல் குறையும். ஒலி சற்று மெலியும்; தாழ்சுரத் திருகியைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்யலாம். அதே பிக்கப்பை 10,000 ஓம் உள்ள ஓர் ஒலிக்கலப்பியின் சாதாரண உள்ளீட்டில் செருகினால் எல்லை 31,800 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. மனிதச் செவியின் எல்லையே ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் இசையின் முழு வீச்சும் வடிகட்டியின் சரிவுக்குள் சிக்கிக்கொள்கிறது. எஞ்சுவது தகரத்தைச் சுரண்டுவது போன்ற மெல்லிய ஓசையே. பலர் இதைக் கேட்டுவிட்டு யுகுலேலே மட்டமானது என்றோ, மிகைப்பியின் திறன் போதவில்லை என்றோ முடிவு செய்து, மேலும் பெரிய மிகைப்பியை வாங்குகின்றனர். ஒலி உரக்கும், மெலிவு அப்படியே இருக்கும்.

ஒட்டும் வட்டத் தகட்டின் நிலை வேறு. அதன் மின்தேக்குதிறன் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்தைந்து நானோஃபாரட் வரை இருப்பதால் குறைந்த மின்மறுப்பையும் அது பொறுத்துக்கொள்கிறது. 20 நானோஃபாரட் தகட்டை 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால் எல்லை வெறும் 8 ஹெர்ட்ஸ். 50,000 ஓமில் 159 ஹெர்ட்ஸ். இதுவும் மூன்றாம் தந்திக்குக் கீழேயே உள்ளது. 10,000 ஓமில்தான் 796 ஹெர்ட்ஸ் ஆகிக் குறை தெரியத் தொடங்கும். எனவே மிக மலிவான பிக்கப்பே மலிவான மிகைப்பியுடன் எளிதில் ஒத்துப்போகிறது என்பது சுவையானது.

இணைப்பு வடமும் கணக்கில் சேரும். வழக்கமான கருவி வடம் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொண்டது. 5 மீட்டர் வடத்தில் இது 500 பிக்கோஃபாரட். அதாவது மேற்கண்ட பட்டையின் அளவே. காந்தப் பிக்கப்பில் நீண்ட வடம் ஒலியை மந்தமாக்கும். அழுத்தமின் பிக்கப்பில் அவ்வாறு ஆவதில்லை. குறிகையின் அளவு மட்டும் பாதியாகக் குறையும். முனைப்பற்ற பட்டை உடையோர் குட்டை வடத்தைப் பயன்படுத்துவது செலவில்லாத ஒரு திருத்தம் ஆகும்.

இச்சிக்கலுக்கான முழுத் தீர்வு முன்மிகைப்பி. பிக்கப்புக்கும் மிகைப்பிக்கும் இடையில் வைக்கப்படும் இச்சிறு பெட்டி, உள்ளே 1 முதல் 10 மெகாஓம் வரையான மின்மறுப்பைக் காட்டி, வெளியே வலுவான குறிகையைத் தருகிறது. எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் பாரா அக்கூஸ்டிக் டி.ஐ. இத்தகையவற்றுள் நன்கறியப்பட்டது, அதன் உள்ளீடு 10 மெகாஓம். ஆனால் இவ்வேலையைச் செய்ய விலை உயர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. புலவிளைவுத் திரிதடையம் ஒன்று, சில மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், 9 வோல்ட் மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு பற்றவைக்கத் தெரிந்த மாணவர் எவரும் இதனைச் செய்துவிடலாம். முனைப்பற்ற பிக்கப் உள்ளவர் தம்மிடமுள்ள சிறு தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை முன்மிகைப்பிக்கும் மறு பங்கை எளிய மிகைப்பிக்கும் செலவிடுவது, முழுத்தொகைக்கும் பெரிய மிகைப்பியை வாங்குவதைவிடப் பெரும்பாலும் நற்பயன் தரும். முனைப்புள்ள பிக்கப் உள்ளவருக்கு இச்செலவு தேவையில்லை. ஏறத்தாழ எந்த மிகைப்பியிலும் அவர் செருகலாம்.

டி.ஐ. பெட்டி என்ற பெயரில் விற்கப்படும் அனைத்தும் முன்மிகைப்பி ஆகா. மின்மாற்றி மட்டும் கொண்ட முனைப்பற்ற டி.ஐ. பெட்டிகளின் உள்ளீடு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ஓம் அளவிலேயே இருப்பதால், அவை சேடில் பட்டைக்குப் பொருந்துவதில்லை.

வாட் அளவும் உரப்பும்

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது வாட் எண்ணே. ஆனால் மின்திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு அது சிறிய வேறுபாடு. இரு மடங்கு உரத்துக் கேட்கப் பத்து மடங்கு மின்திறன் தேவைப்படும். ஒலிபெருக்கியின் உணர்திறன் இதைவிட முதன்மையானது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது 93 டெசிபல் தரும் ஒலிபெருக்கிக்கு 10 வாட்டும், 84 டெசிபல் மட்டுமே தரும் ஒலிபெருக்கிக்கு 80 வாட்டும் கொடுத்தால் இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கும். உணர்திறனை அச்சிடாமல் வாட்டை மட்டும் அச்சிடும் மலிவான பெட்டிகளை ஒப்பிட, காதால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனினும் வாட் எண்ணுக்குப் பொருளே இல்லை எனக் கொள்ளலாகாது. யுகுலேலேயில் ஓங்கி அடிக்கும் ஒரு மீட்டு, கணநேரத்துக்குச் சராசரி ஒலியைப் போல் பல மடங்கு குறிகையை எழுப்புகிறது. அக்கணத்துக்குரிய மின்திறன் கையிருப்பில் இல்லாவிட்டால் குறிகையின் முகடு வெட்டப்பட்டு, ஒலி கரகரக்கும். மின்கித்தார் வாசிப்போர் இக்கரகரப்பைத் தேடி வாங்குவர். யுகுலேலே வாசிப்போருக்கு அது பெரும்பாலும் வேண்டாதது. பொதுவாக, வீட்டுப் பயிற்சிக்கு 2 முதல் 5 வாட் வரையும், வகுப்பறை அல்லது சிறு கூட்டத்துக்கு 15 முதல் 30 வாட் வரையும், முரசுடன் சேர்ந்து வாசிக்க 50 வாட்டுக்கு மேலும் போதுமெனக் கொள்ளலாம்.

மலிவான தெரிவுகள்

மின்கலத்தில் இயங்கும் சிறு மிகைப்பிகள் மாணவர்களிடையே பெருவழக்கு. 1973 இல் வெளிவந்த பிக்நோஸ் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆறு ஏஏ மின்கலங்களும் 5 அங்குல ஒலிபெருக்கியும் கொண்ட அது விரைவில் கரகரக்கும் இயல்புடையது என்பதால் யுகுலேலேக்கு மென்மையாக மட்டுமே பயன்படும். ரோலண்ட் நிறுவனத்தின் மைக்ரோ கியூப், 2 வாட்டும் 5 அங்குல ஒலிபெருக்கியும் கொண்டதாக முதலில் வெளிவந்தது. அதில் ஒலிவாங்கிக்கான நிலை ஒன்று உள்ளது. மின்கித்தாருக்கான மற்ற நிலைகளைவிட அந்நிலையிலேயே யுகுலேலே இயல்பாக ஒலிக்கிறது என்பர். அதே நிறுவனத்தின் கியூப் ஸ்ட்ரீட் இரண்டு 6.5 அங்குல ஒலிபெருக்கிகளும் கருவிக்கும் குரலுக்கும் தனித்தனி உள்ளீடுகளும் கொண்டு, மொத்தம் 5 வாட் மட்டுமே தருவது. வாட் எண்ணைப் பார்த்து இதனைத் தள்ளிவிடுவோர் உண்டு. தெருவில் பாடி வாசிப்போர் பலர் இதனைக் கொண்டே காலம் தள்ளுகின்றனர்.

மரக்கித்தாருக்கான மிகைப்பிகள் யுகுலேலேக்கு மிகவும் இசைந்தவை. உயர் மின்மறுப்பு, ட்வீட்டர், பின்னூட்டத்தை அடக்கும் திருகிகள், குரலுக்கான இரண்டாம் உள்ளீடு ஆகியவை இவற்றில் ஒருங்கே உள்ளன. 60 வாட்டும், 6.5 அங்குல ஊஃபரும், 1 அங்குல ட்வீட்டரும் கொண்ட ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி இவ்வகையின் அறிந்த மாதிரி. புதிதாக வாங்க மாணவர்களுக்கு எட்டாத விலை என்றாலும், இவ்வகை மிகைப்பிகள் வீட்டில் மெதுவாகப் பயன்பட்டுக் கைமாறுபவை என்பதால் பழையன நல்ல நிலையில் கிடைப்பதுண்டு.

விசைப்பலகை மிகைப்பிகளும், உள்ளேயே மிகைப்பி பொருத்திய மேடை ஒலிபெருக்கிகளும் ஒலியைத் திரிக்காமல் முழு வீச்சில் தருபவை. இவை பள்ளிகளிலும் வழிபாட்டிடங்களிலும் ஏற்கெனவே இருப்பதால் செலவே இல்லாத தெரிவாகவும் அமையலாம். முனைப்பற்ற பிக்கப்புக்கு முன்மிகைப்பி இடையில் இருக்க வேண்டும் என்பதே இவற்றுக்குரிய கட்டுப்பாடு. கணினி ஒலிபெருக்கிகளுக்கும் வீட்டு வானொலிப் பெட்டியின் துணை உள்ளீட்டுக்கும் இதுவே பொருந்தும். புளூடூத் இணைப்பில் வாசிப்பதைத் தவிர்க்க வேண்டும். அதில் ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமதித்து வருவது வழக்கமாதலால், தாளம் கைக்கும் காதுக்கும் இடையே பிசகிவிடும்.

தாமே செய்ய விரும்புவோருக்கு எல்.எம்.386 என்னும் சில்லு பல பத்தாண்டுகளாகப் பழக்கமானது. 9 வோல்ட் மின்கலத்தில் அரை வாட்டை ஒட்டிய திறனைத் தரும் இதன் பெருக்கம் வெறுமனே 20; முதல், எட்டாம் கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால் 200. இதன் உள்ளீட்டு மின்மறுப்பு 50,000 ஓம் மட்டுமே. வட்டத் தகட்டுக்கு அது போதும். சேடில் பட்டையை நேராக இணைத்தால் எல்லை அதிர்வெண் 6,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும் என்பதால், முன்னால் ஒரு புலவிளைவுத் திரிதடையம் கட்டாயம்.

பிக்கப்பே இல்லாத யுகுலேலேக்கு ஒலிவாங்கி ஒன்றும் குரல் மிகைப்பி ஒன்றும் போதுமானவை. ஒலித்துளைக்கு நேராக வைத்தால் ஒலி பானைக்குள் பேசுவது போல் குமுறும். கழுத்து உடலைச் சேரும் இடத்தை நோக்கி, ஒரு சாண் தொலைவில் வைப்பதே வழக்கம். தனியாக அமர்ந்து வாசிப்போருக்கு எந்தப் பிக்கப்பையும்விட இதுவே இயல்பான ஒலியைத் தரும்.

பின்னூட்டம்

மிகைப்பியின் ஒலி யுகுலேலேயின் உடலை மீண்டும் அதிரச் செய்து, அவ்வதிர்வு பிக்கப் வழியே மறுபடி மிகைப்பிக்குச் செல்லும்போது ஊளை போன்ற ஓசை எழுகிறது. யுகுலேலேயின் உள்ளறைக் காற்றும் மேற்பலகையும் தமக்கே உரிய சில அதிர்வெண்களில் எளிதில் ஒத்ததிர்வன. ஊளை பெரும்பாலும் அவற்றுள் ஒன்றிலேயே எழுவதால், அதே சுரத்தைத் தந்தியில் தேடிக் கண்டுபிடித்து, சமனாக்கியில் அந்த இடத்தை மட்டும் தாழ்த்துவது பயன் தரும். கட்ட மாற்றி உள்ள மிகைப்பிகளில் அதனை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது இன்னும் எளிது. மிகைப்பியைத் தனக்குப் பின்னால் வைக்காமல் முன்பக்கவாட்டில் அவையை நோக்கி வைப்பதும், ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பதும் செலவு குறைந்த வழிகள். அட்டையை வெட்டி ஒட்டி இம்மூடிக்கு மாற்றாகப் பயன்படுத்துவோரும் உளர்.

வாங்கும்போது சோதித்தல்

சோதனைக்குத் தம் யுகுலேலேயையே கொண்டுசெல்ல வேண்டும். கடையில் உள்ள யுகுலேலேயின் பிக்கப் முனைப்புள்ளதாகவும் தம்முடையது முனைப்பற்றதாகவும் இருந்தால் சோதனை வீண். திருகிகள் அனைத்தையும் நடுவில் வைத்து, எதிர்முழக்கம் முதலிய விளைவுகளை நிறுத்திவிட்டு, மூன்றாம் தந்தியைத் தனியாக மீட்டிக் கேட்க வேண்டும். முதல் தந்தியோடு ஒப்பிட அது குரல் இழந்து ஒலித்தால் மின்மறுப்பு போதவில்லை என்பதற்கு அடையாளம். பின்னர் நான்கு தந்திகளையும் வழக்கத்தைவிட ஓங்கி அடித்துக் கரகரப்பு எழுகிறதா எனக் கேட்கலாம். கடைசியாக வாசிக்காமல் ஒலியளவை உயர்த்தி இரைச்சலைக் கவனிக்க வேண்டும். உள்ளே எண்ணற்ற விளைவுகள் உள்ளன என்பது விலையைக் கூட்டும் காரணமே தவிர, பாடிக்கொண்டே வாசிக்கும் ஒருவருக்குக் குரலுக்கான இரண்டாம் உள்ளீடு அவை அனைத்தையும்விடப் பயனுடையது.

பழைய மிகைப்பியில் மின்கல அறையைத் திறந்து, கசிந்த மின்கலத்தின் பச்சை அல்லது வெண்ணிறப் படிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். திருகும்போது எழும் கரகரப்பு தூசியால் வருவது. தூய்மை செய்தால் பெரும்பாலும் நீங்கும். கூம்பின் விளிம்பில் கிழிசல் இருந்தால் வாங்காதிருப்பதே நன்று. மின்வழங்கியை மாற்றி வாங்கும்போது மின்னழுத்தத்தோடு நடுமுனை நேரா எதிரா என்பதையும் ஒப்பிட வேண்டும். இசைக் கருவிகளுக்கான 9 வோல்ட் வழங்கிகள் பலவற்றில் நடுமுனை எதிர். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்டு 120 வோல்ட் மட்டுமே ஏற்கும் மிகைப்பியை 230 வோல்ட் வழங்கும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். நிலத்தொடுப்பு முனை உள்ள செருகியிலிருந்து அம்முனையை இரைச்சல் குறையும் என்று கருதி வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. உலோக ஒலிவாங்கியை உதட்டருகில் வைத்துப் பாடுவோருக்கு இது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. அவ்வாறு வெட்டப்பட்ட பழைய மிகைப்பியை முனை பொருத்திய பின்னரே இயக்க வேண்டும்.